உப்புக்கு வரியில்லை, கம்பிக்கு உண்டு: பார்ஜ் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: கடலூர் முதுநகரில் அண்ணன் தம்பி மூவரும் கூட்டாக உப்பு, அரிசி மொத்த வியாபாரம் செய்கிறோம். இதுவரை எல்லாம் லாரிதான். 600 டன் ஏற்றும் பழைய மோட்டார் பார்ஜ் (தட்டை அடியுள்ள சரக்குக் கலம்) ஒன்று 4 கோடி ரூபாய்க்கு வருகிறது. தூத்துக்குடி உப்பைக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுவரலாம், வேறு நடைகளில் சென்னையிலிருந்து கம்பி, சிமெண்ட் ஏற்றலாம், மற்ற வியாபாரிகள் சரக்கையும் வாடகைக்கு ஏற்றலாம் என்பது யோசனை. "தண்ணீரில் போகும் சரக்குக்கு ஜிஎஸ்டியே கிடையாது, எண்ணெய்க்கும் வரி விலக்கு, வருமான வரியும் டன் கணக்கில் சொற்பம்தான்" என்கிறார் விற்பவர். எங்கள் ஆடிட்டர் லாரிக் கணக்கு மட்டுமே பார்த்துப் பழகியவர். எதை நம்புவது?
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: விற்பவர் சொன்ன மூன்றில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது உங்கள் பார்ஜுக்குப் பொருந்தாது. மூன்றாவது உண்மைதான், ஆனால் கூட்டு நிறுவனமாக இருக்கும்வரை உங்களுக்குக் கிடைக்காது.

முதலில் ஜிஎஸ்டி. தண்ணீரில் சரக்கு ஏற்றுவதற்கு இரண்டு தனித்தனி விலக்குகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் "தண்ணீர் என்றாலே வரி இல்லை" என்ற பேச்சு ஊரில் உலவுகிறது. ஒன்று, உள்நாட்டு நீர்வழியில் சரக்கு கொண்டுபோவது. இங்கே சரக்கு எதுவானாலும் வரி இல்லை. கம்பி, சிமெண்ட், நிலக்கரி எல்லாம் சேர்த்தி. மற்றொன்று, இந்தியாவுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ரயிலிலோ கப்பலிலோ குறிப்பிட்ட சில சரக்குகளை மட்டும் கொண்டுபோவது. அந்தப் பட்டியல் சிறியது: விளைபொருள், பால், உப்பு, மாவு, பருப்பு, அரிசி உள்ளிட்ட உணவு தானியம், இயற்கை உரம், பதிவு பெற்ற செய்தித்தாள்களும் இதழ்களும், ராணுவத் தளவாடம், பேரிடர் நிவாரணப் பொருள். பட்டியலில் இல்லாத எதைக் கடலில் ஏற்றினாலும் கட்டணத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

உங்கள் பார்ஜ் தூத்துக்குடியிலிருந்து கடலூருக்குக் கடல் வழியாக வரப்போகிறது. அது கடலோரப் போக்குவரத்து, உள்நாட்டு நீர்வழி அல்ல. கடைசியில் உப்பனாற்றுக்குள் நுழைந்து துறையில் கட்டுகிறோமே என்று கேட்கலாம். பயணத்தின் வால் ஆற்றுக்குள் இருப்பதால் மொத்தப் பயணமும் உள்நாட்டு நீர்வழி ஆகிவிடாது. நங்கூரத்தில் நிற்கும் பெரிய கப்பலிலிருந்து பார்ஜில் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் லைட்டரேஜ் வேலைக்கும் இதே கதைதான். அந்த வேலையைச் சரக்குக் கையாளுதல் என்று அதிகாரி வகைப்படுத்தினால் 18 சதவீதம் வரை போகும்.

உள்நாட்டு நீர்வழி நம் பக்கம் இல்லாமல் இல்லை. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை பக்கிங்காம் கால்வாய், கழுவேலி ஏரி வழியாக வரும் பாதை 4ஆம் எண் தேசிய நீர்வழி. 2016 சட்டத்தில் 111 நீர்வழிகள் பட்டியலிடப்பட்டபோது தென்பெண்ணையும் பொன்னியாறு என்ற பெயரில் இடம் பிடித்தது. உப்பும் விறகும் படகில் ஏறிய அந்தப் பழைய கால்வாயில் சரக்கு மறுபடி ஓடினால் கம்பிக்கும் வரி இருக்காது. இன்றைக்கு அந்தத் தண்ணீரில் 600 டன் பார்ஜ் மிதக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஓட்டச் செலவில் 35 சதவீதம் வரை திருப்பித் தரும் 'ஜல்வாஹக்' திட்டம் 2024 டிசம்பரில் வந்ததே என்று யாராவது சொன்னால், அது கங்கை, பிரம்மபுத்திரா, பராக் ஆறுகளின் நீர்வழிகளுக்கானது. வங்காள விரிகுடாவில் ஓடும் உங்களுக்கு அதில் பங்கில்லை.

ஆகவே உங்கள் விலக்கு முழுக்கச் சரக்கைப் பொறுத்தது. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

உப்பு என்று மட்டும்தான் இருக்கிறது, சாப்பாட்டு உப்பு என்று இல்லை. ஆகவே ரசாயன ஆலைக்குப் போகும் உப்பும் அடங்கும். அரிசிக்குச் சிக்கலே இல்லை. 25 கிலோவும் அதற்குக் குறைவானதுமான, அச்சிட்ட பையில் அரிசி விற்றால் அரிசிக்கு 5 சதவீத வரி உண்டு என்பதால் அதன் கட்டணத்துக்கும் வரி என்று சிலர் போட்டுவிடுகிறார்கள். சரக்குக்கு வரி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதைக் கொண்டுபோகும் சேவைக்கு வரி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பை எத்தனை கிலோவானாலும் அரிசியைக் கப்பலில் கொண்டுபோக வரி இல்லை. உடைத்துத் தீட்டிய பருப்பு 'விளைபொருள்' ஆகாது என்று 2017 நவம்பரில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் போக்குவரத்துப் பட்டியலில் 'பருப்பு' என்று தனியாகப் பெயரே இருப்பதால் கப்பல் கட்டணத்துக்கு விலக்கு நிற்கும். அதே பருப்பைக் கிடங்கில் வைத்தால் அந்த வாடகைக்கும் இப்போது தனி விலக்கு இருக்கிறது. பண்ருட்டி முந்திரியில், ஓட்டோடு இருக்கும் கொட்டை விளைபொருள். உடைத்து, தோல் நீக்கித் தரம் பிரித்த பருப்பு அல்ல. சர்க்கரை, வெல்லம், சமையல் எண்ணெய் மூன்றும் சேவை வரிக் காலத்தில் 2015 மார்ச் வரை விலக்கில் இருந்தவை. கடலோர வியாபாரத்தில் பழைய ஆட்கள் அந்த நினைவிலேயே பேசுவார்கள். இப்போது அவற்றுக்கு விலக்கு இல்லை. யூரியா, டிஏபிக்கும் இல்லை. உரத்தில் இயற்கை உரம் மட்டும்தான்.

ஏற்றி இறக்குவது வேறு கணக்கு. அரிசியையும் விளைபொருளையும் ஏற்றி இறக்கும் கூலிக்கு விலக்கு உண்டு. உப்பை ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர் 18 சதவீதம் போடுவார், அது சரிதான். அவரோடு சண்டை போடாதீர்கள்.

விலக்கு பறிபோகும் இடம் பெரும்பாலும் சட்டத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பில் ஆஃப் லேடிங்கில் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) ஏஜென்ட் அவசரத்தில் 'ஜெனரல் கார்கோ, 550 டன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். மூன்று வருடம் கழித்து வரும் ஆய்வில் அதிகாரி கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான். உப்பு என்று எங்கேயும் இல்லையே என்பார். 'சாதாரண உப்பு, தலைப்பு 2501, மொத்தமாக, 550 டன்' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே நடையில் உப்பும் வேறு சரக்கும் ஏறினால் சரக்குக்கு ஒரு பில் ஆஃப் லேடிங், கட்டணமும் தனித்தனி. உப்புக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது பில் ஆஃப் சப்ளை (வரி போடாத பில்), கம்பிக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் (வரி போட்ட பில்). பதிவு பெற்ற வியாபாரிக்கு இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கக் கூடாது. சேவைக் குறியீடு கடலோரத்துக்கு 996521. உள்நாட்டு நீர்வழிக்கான 996522ஐத் தெரியாமல் போட்டு வைத்தால், பொய் விலக்கு கேட்டதாகத்தான் அது படிக்கப்படும்.

இன்னொரு பள்ளம், 'வீட்டிலிருந்து வீடு வரை' ஒப்பந்தம். உப்பளத்தில் லாரியில் ஏற்றி, கப்பலில் கொண்டுவந்து, மறுபடி லாரியில் கடை வாசலில் இறக்கித் தருகிறேன் என்று ஒரே விலை பேசினால் அது பல்முறைப் போக்குவரத்து என்ற தனிச் சேவை. 2025 செப்டம்பர் 22 முதல், விமானம் சேராத பல்முறைக்கு 5 சதவீதம். உப்புக்கு லாரியிலும் விலக்கு, கப்பலிலும் விலக்கு. ஆனால் இரண்டையும் கட்டி ஒரே விலையாக விற்றால் 5 சதவீதம் கேட்க வழி திறந்துவிடுகிறது. லாரியை வியாபாரியே வைத்துக்கொள்ளட்டும், அல்லது லாரி ஒப்பந்தம் தனியாக நிற்கட்டும்.

பார்ஜைச் சில மாதம் வேறொருவருக்கு மாத வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், அது டைம் சார்ட்டர். சரக்கு ஏற்றிச் செல்லும் சேவை அல்ல, ஆளோடு கலத்தை வாடகைக்கு விடும் சேவை. அவர் உப்பே ஏற்றினாலும் உங்கள் வாடகைக்கு 5 சதவீதம் உண்டு.

இனி, விலக்கு இனாமாக வருவதில்லை என்பதற்கு வருகிறேன். 4 கோடிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 20 லட்சம். கப்பல் சரக்குச் சேவைக்கு 5 சதவீத விகிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வாங்கிய பொருள்களுக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது, ஆனால் கப்பலுக்கு எடுக்கலாம், சேவைகளுக்கும் எடுக்கலாம். ஆகவே பார்ஜுக்குக் கட்டிய 20 லட்சம் கிரெடிட்டாகக் கிடைக்கும். ஆனால் உப்பு மட்டுமே ஏற்றினால் முழுக்க விலக்கு வியாபாரம் ஆகிவிடும், 20 லட்சமும் செலவோடு சேரும்.

இரண்டும் ஏற்றினால் பங்கு பிரிக்க வேண்டும். 20 லட்சத்தை 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 33,333 ரூபாய். ஒரு மாத வரவில் உப்பு, அரிசி 60 சதவீதம், கம்பி, சிமெண்ட் 40 சதவீதம் என்றால், அந்த மாதம் 20,000 ரூபாயை நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும், உரிய வட்டியோடு என்கிறது விதி. ஐந்து வருடமும் இது ஓடும். சேவைகளுக்கும் இதே பங்கு: துறைமுகக் கட்டணம், ஏஜென்சி, இன்சூரன்ஸ் எல்லாம் மாதம் 1,50,000 என்றால் வரி 27,000. அதில் 16,200 திரும்பிப் போகும், 10,800 நிற்கும். வடகிழக்குப் பருவத்தில் பார்ஜ் துறையிலேயே கிடந்து, ஒரு மாதம் முழுக்க வரவே இல்லை என்றால் திருப்பிக் கட்டுவது நின்றுவிடாது. வரவு இருந்த கடைசி மாதத்தின் விகிதத்தையே போட வேண்டும். கடைசியாக ஓடியது முழுக்க உப்பு நடையாக இருந்தால் சும்மா கிடக்கும் மாதங்களிலும் முழுத் தொகையும் போகும். அக்டோபருக்கு முன் ஒரு கம்பி நடை கிடைத்தால் விடாதீர்கள் என்பேன்.

அதற்காக விலக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் உப்புக் கட்டணம் வந்தால் 5 சதவீதம் 6 லட்சம். உப்புக்கு வரி இல்லாததால் அந்த 6 லட்சத்தை உப்பு வியாபாரி எங்கேயும் கழிக்க முடியாது. கடைசியில் உங்கள் கட்டணத்தைத்தான் குறைக்கச் சொல்வார். பார்ஜ் கணக்கில் நீங்கள் திருப்பிக் கட்டுவது 2,40,000, சேவையில் 1,94,400. விலக்கே மேல்.

பழுது பார்ப்பதில் ஒரு நுணுக்கம் பணமாகும். உதிரி பாகத்தை நீங்களே கடையில் வாங்கினால் அது 'பொருள்', கிரெடிட் கிடையாது. பழுது வேலையைப் பாகத்தோடு சேர்த்து யார்டுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தால் அது கப்பல் பராமரிப்புச் சேவை. 2021 ஜூன் முதல் அதற்கு 5 சதவீதம்தான், கம்பி நடைக்கு உரிய பங்கில் கிரெடிட்டும் உண்டு.

கம்பிக்கு வரி போடும்போது உங்களைக் குழப்பப்போவது 33ஆ 34ஆ என்ற கேள்வி (ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம்: 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி). கப்பல் எங்கே ஏற்றி எங்கே இறக்கியது என்று பார்க்காதீர்கள். கட்டணம் கொடுப்பவர் பதிவு பெற்றவர் என்றால் அவர் பதிவு எங்கே என்பதுதான் கணக்கு. கடலூர் வியாபாரி என்றால் மத்திய, மாநில வரியாக இரண்டரை, இரண்டரை சதவீதமாகப் பிரியும். புதுச்சேரியோ காரைக்காலோ, அவர் எண் 34இல் தொடங்கினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான வரி. பதிவில்லாதவர் என்றால் சரக்கை உங்களிடம் ஒப்படைத்த இடம்.

இ-வே பில்லில் (சரக்கை நகர்த்த ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) லாரிப் பழக்கம் கெடுக்கும். உப்பு வரியில்லாப் பொருள், அதற்குத் தேவையில்லை. கம்பிக்கும் சிமெண்டுக்கும் விற்பவரோ வாங்குபவரோ எடுக்க வேண்டும், 'கப்பல், சாலை வழிக் கப்பல்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து. 'சாலை' என்று போட்டால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கெடு, சென்னையிலிருந்து கடலூருக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். கப்பல் சேர்ந்த போக்குவரத்துக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதே தூரத்துக்குப் பத்து நாள் கிடைக்கும். அலை அடங்காமல் வெளியே நங்கூரத்தில் நின்றுவிட்டால், கெடு முடிவதற்கு முன்னோ பின்னோ எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். அதற்குள் ஆள் தூங்கிவிட்டால் கரையில் லாரி பிடிபடும். இறக்கியதும் லாரி எண்ணைப் பகுதி 'பி'யில் மாற்றியே வண்டியை நகர்த்துங்கள்.

எண்ணெய் விலக்கு பற்றி. 2015இல் மத்திய அரசு கொடுத்த சலுகை, கொள்கலன் ஏற்றி இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் இந்தியக் கொடிக் கப்பல்களின் ஐஎஃப்ஓ 180, ஐஎஃப்ஓ 380 என்ற கனமான எண்ணெய்களுக்கு. உங்கள் பார்ஜ் ஓடுவது டீசலில். டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை, மாநில வாட்தான். அதை எங்கேயும் கழிக்க முடியாது. புதுச்சேரியில் டீசல் நம்மைவிட மலிவு என்பது மட்டும் சின்ன ஆறுதல்.

கையில் நிற்கும் சலுகை துறைமுகத்தில் இருக்கிறது, விற்பவர் அதைச் சொல்லவே இல்லை. தூத்துக்குடி, சென்னை போன்ற பெருந்துறைமுகங்களில் கடலோரச் சரக்குக்கும் கப்பலுக்கும் வெளிநாட்டுக் கட்டணத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அனல் மின் நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத் தாது, அதன் உருண்டைகள் தவிர மற்றதெல்லாம் இதில் வரும், உப்பும் கம்பியும் உட்பட. பில்லில் 'கடலோரம்' என்ற விகிதம் போட்டிருக்கிறதா என்று முதல் பில்லிலேயே பாருங்கள். கடலூரும் புதுச்சேரியும் சிறு துறைமுகங்கள், அங்கே அந்தந்த அரசின் கட்டண அட்டவணைதான். சுங்கத்தில் கடலோரச் சரக்குப் பில் தாக்கல் செய்து, அது ஒப்புதல் ஆன பிறகே ஏற்ற வேண்டும். கப்பலில் அட்வைஸ் புத்தகம் (ஏற்றிய, இறக்கிய சரக்கைச் சுங்கத்துக்காகப் பதியும் ஏடு) இருக்க வேண்டும். வரி ஒன்றும் இல்லை என்றாலும் இந்தத் தாள் இல்லாமல் ஏற்றினால் பறிமுதல் வரை போகும்.

வருமான வரி. டன்னேஜ் வரி முறையில், ஓடிய லாபத்தைப் பார்க்காமல் நிகர டன்னுக்கு (எடையல்ல, கப்பலில் சரக்குக்கான இடத்தின் அளவு) ஒரு நாளைக்கு இவ்வளவு வருமானம் என்று வைத்துவிடுவார்கள். 1,000 டன் வரை 100 டன்னுக்கு 70 ரூபாய். உங்கள் பார்ஜ் 300 நிகர டன் என்றால் நாளுக்கு 210, வருடத்துக்கு 76,650 ரூபாய் வருமானம். 25 சதவீதம் போட்டாலும் வரி 19,000 சொச்சம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இது கப்பல் ஓட்டுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட இந்தியக் கம்பெனிக்கு மட்டும். கூட்டு நிறுவனத்துக்கும் தனி ஆளுக்கும் இல்லை. கம்பெனி தொடங்கினாலும், தகுதி வந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எடுத்தால் பத்து வருடம். ஒவ்வொரு வருடமும் கப்பல் லாபத்தில் 20 சதவீதத்தை ஒதுக்கி வைத்து, அதைக் கப்பலுக்கே செலவிட வேண்டும். மாலுமிப் பயிற்சிக் கடமையும் உண்டு. நஷ்டம் வந்த வருடமும் இந்த வரியைக் கட்ட வேண்டும்.

சாதாரண முறையில் பார்ஜுக்கு 20 சதவீதத் தேய்மானம், முதல் முழு வருடம் 80 லட்சம். 2 கோடி கட்டண வரவில் டீசல், ஆள், துறைமுகம் போக அவ்வளவு மிஞ்சுமா? மிஞ்சாது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் முதல் சில வருடம் வரியே வராது. ஒரே ஒரு பார்ஜுக்காக டன்னேஜ் முறைக்குள் போவதை நான் பரிந்துரைக்கவில்லை.

பிடித்தம் ஒன்று பாக்கி. பத்து லாரிக்கு மேல் இல்லாத லாரிக்காரர் பான் எண் கொடுத்து எழுதித் தந்தால் கட்டணத்தில் டிடிஎஸ் (வருமான வரிக்கான முன் பிடித்தம்) பிடிக்க மாட்டார்கள். அந்தச் சலுகை சாலை வண்டிக்கு மட்டுமே. கப்பல் கட்டணத்தில் கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம் பிடித்தே தருவார்கள், ரொக்க ஓட்டத்தில் அதைக் கணக்கு வையுங்கள். நீங்கள் வேறு பார்ஜை அமர்த்தினாலும் பிடிக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். 4 கோடி என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா? அவர் ஜிஎஸ்டி பதிவோடு டாக்ஸ் இன்வாய்ஸ் தருவாரா? தராவிட்டால் மேலே போட்ட கிரெடிட் கணக்கு முழுக்க விழும். அடுத்து, பதிவுச் சான்றிதழ். வணிகக் கப்பல் சட்டத்தில் பதிந்ததா, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இல் பதிந்ததா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்தப் பார்ஜ் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் உரியது. தூத்துக்குடி நடைக்கு அதைக் கடலில் இறக்க முடியாது. விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.